ஒரே வீட்டில் இரண்டு ஜெபம்

எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தது ஓர் இந்து அம்மா. மரக்காணம் உப்பளத்தில் என் மாமியாரோடு சேர்ந்து உப்புக் கூடை சுமந்தவர். அவருடைய தங்கையைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் கண்ணில் நான் படுவேன். அப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைப் புடவை கட்டி, வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி சபைக்குப் போவேன். அதைப் பார்த்துத்தான் என்னை மனதில் குறித்து வைத்திருக்கிறார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் நேராகவே பேச்சை எடுத்தார்.

"எங்க ஊர்ல ஒரு பையன் இருக்கான். இன்ஜின் மெக்கானிக். உப்பளத்து பம்பு, படகு இன்ஜின் எல்லாம் அவன்தான் பாக்குறான். குடி கிடையாது, பீடி கிடையாது. அவங்களும் உங்க சாமிதான்."

"எந்த சபைங்க?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் எனக்கு இன்னாம்மா தெரியும். ஏசுசாமிதான். ஏசுசாமில ரெண்டு இருக்குதா?"

பெண் பார்க்க வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மாமியாராகப் போகிறவர் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தார். கழுத்தில் மாதா படம் போட்ட பதக்கம். எங்கள் வீட்டிலோ பூ வைக்கும் வழக்கம் இல்லை, நகை இல்லை, சுவரில் ஒரு படம்கூட இல்லை. வசனம் அச்சடித்த காலண்டர் மட்டும்தான். நாங்கள் பெந்தெகொஸ்தே, அவர்கள் கத்தோலிக்கர். அப்பா அந்தப் பதக்கத்தைப் பார்த்தார். மாமியார் சுவரைப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அழைத்து வந்தவர் மட்டும் எதுவும் புரியாமல், "இன்னா எல்லாரும் சும்மா இருக்கீங்க, பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்னையும் மாப்பிள்ளையையும் தனியாகப் பேசச் சொல்லிக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். அவர் கைவிரல்களைப் பார்த்தேன். எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் கறை நக ஓரத்தில் இருந்தது.

"நீங்க மாதாவைக் கும்பிட மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"மாட்டேங்க."

நகத்துக் கறையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "பரவால்லங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உள்ளே போய், சம்மதம் என்றேன். அப்பா மூன்று வாரம் உபவாசம் இருந்து ஜெபித்தார். மூன்று வாரமும் ஆண்டவர் வேண்டாம் என்று சொல்லாததால் ஒத்துக்கொண்டார்.

2004ஆம் ஆண்டு மே மாதம் கல்யாணம். அவர்கள் ஊர்ப் பங்குக் கோயிலில், பிஷப்பிடம் அனுமதி வாங்கி நடந்தது. தாலி மஞ்சள் கயிற்றில்; மற்றபடி நகை ஒன்றும் இல்லை. எங்கள் சபையார் ஒரு வேன் நிறைய வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழந்தாளிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாரும் எழும்போது உட்கார்ந்தார்கள், எல்லாரும் உட்காரும்போது எழுந்தார்கள். நான் அழுதுகொண்டே இருந்ததில், சாமியார் சொல்லச் சொன்ன வாக்குறுதியை என்ன சொன்னேன் என்று அன்று சாயங்காலமே யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மரக்காணத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர். அவர், மாமியார், நான். மாமனார் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. வந்த மறுநாள் மாலை ஏழு மணிக்கு மாமியார் சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். இரண்டு பேரும் முழந்தாளிட்டு ஜெபமாலை உருட்டத் தொடங்கினார்கள். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர் மீதி சொல்ல, மணி மணியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகிறதே, ஆண்டவருக்குச் சலிக்காதா என்று நினைத்தபடி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் முடித்தபின் என் முறை. நான் பிறந்ததிலிருந்து பழகிய விதமாகக் கையைத் தட்டி, கண்ணை மூடி, வாய்விட்டு ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினேன். புது வீடு, புது ஊர், மனதில் பாரம் வேறு. குரல் தானாகவே ஏறியது. கண்ணைத் திறந்தபோது வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். புதுப்பெண்ணை மாமியார் அடிக்கிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் ஓடி வந்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, போங்க. மருமவ வேண்டுது" என்று மாமியார் கதவைச் சாத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது.

என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் சின்னதா வேண்டிக்கயேன். ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அதிலிருந்து அவர்கள் முன் அறையிலும், நான் அடுப்படியிலும் ஜெபித்தோம். குழம்புக் கொதியோடு என் ஸ்தோத்திரமும் அடங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சங்கடம். அவருக்கு வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாள்தான். காலை ஏழு மணிப் பூசைக்கு அவரும் மாமியாரும் போவார்கள். எனக்கு ஆராதனை முத்தியால்பேட்டையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலிருந்த ஹாலில். அதற்காக ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதலில் என்னை மொபெட்டில் கொண்டு வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏற்றிவிட்டு, அப்புறம் கோயிலுக்குப் போவார். நான் திரும்பி வரும்போது மணி இரண்டாகியிருக்கும். அவர் சாப்பிட்டுப் படுத்திருப்பார். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் ஒருநாள் அவரிடம், "ஏம்பா, வாராவாரம் அம்மா வீட்டுக்கு அனுப்புறியே, சண்டையா?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு பேருக்குமே அந்தக் கேள்வி உள்ளே எங்கோ உட்கார்ந்துவிட்டது.

கெட்டவர் இல்லை அவர். சம்பாதிப்பதைக் கொண்டு வந்து கொடுப்பார், என் தையல் மெஷினுக்குத் தானே எண்ணெய் விடுவார். ஆனால் எனக்கு மிக முக்கியமான ஒன்றைப் பற்றி அவரிடம் பேச முடியவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரே ஆண்டவரை நம்புகிற இரண்டு பேர் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் ஒளிந்து ஒளிந்து வேண்டிக்கொண்டோம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அது வெடித்தது. வாசலில் பெரிய நட்சத்திரம் கட்டினார். முன் அறையில் வைக்கோல் பரப்பி, மண் பொம்மைகள் வைத்துக் குடில் அமைத்தார். பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்து, குடிலுக்குள் சின்னக் காற்றாலை சுழலும்படி செய்திருந்தார். அதைச் செய்ய நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சபையில் நட்சத்திரமும் கிடையாது, குடிலும் கிடையாது. அவருடைய கூட்டாளிகள் குடிலைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், "பொறப்புப் பூசைக்கு நீயும் வா" என்றார்.

"பொம்மைக்கு முன்னாடி வந்து நான் நிக்க மாட்டேன்" என்றேன்.

அவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "கத்துனாத்தான் பக்தின்னு உங்க சபைல சொல்லிக் குடுத்துட்டாங்க போல" என்றார்.

கூட்டாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கிறிஸ்துமஸ் அன்று மாமியார் ஆட்டுக்கறி குழம்பு வைத்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல குழம்பு ருசிக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் அவர் மொபெட்டை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போயிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அன்று என்ன நடந்தது என்று இந்தக் கடற்கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஆராதனையில் பாடிக்கொண்டிருந்தோம். கீழே தெருவில் ஜனங்கள் ஓடும் சத்தம் கேட்டது. சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்து, "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு, யாரும் கீழ எறங்காதீங்க" என்றார். சுனாமி என்ற சொல் அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில், கடற்கரையோரம் சென்னை வரைக்கும் இப்படித்தானாம் என்று பேச்சு வந்தது. மரக்காணம் அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது.

பாஸ்டர் தடுத்தும் நான் நிற்கவில்லை. கடற்கரைச் சாலையில் பஸ் போகாது என்றார்கள். திண்டிவனம் போகிற ஒரு வேனில் இடம் கிடைத்தது. அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து, பிரம்மதேசம் வழியாக உள்பக்கமாகவே வந்தேன். பொம்மை என்று சொன்னேனே, நான்கு நாள் உட்கார்ந்து செய்த மனுஷனிடம் அப்படிச் சொன்னேனே என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மரக்காணம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கடல் கழிமுகம் வழியாக ஏறி வந்து உப்பளப் பாத்திகளைச் சேற்றால் மூடியிருந்தது. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வீடு பூட்டியிருந்தது. கோயிலுக்கு ஓடினேன். கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்களால் கோயில் நிறைந்திருந்தது. வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த மாமியார் என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டார்.

"அவரு எங்க அத்தை?"

"உன்னைத் தேடித்தான் போயிருக்கான். பஸ்ஸு கடலோரமாத்தானே போவும்னு சொல்லிட்டு, காலைலயே வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

நான் வந்தது உள்வழி. அவர் போனது கடற்கரை வழி. இன்னும் அலை வரும், இன்னும் பெரிதாக வரும் என்று கோயிலுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் என்னை மாதா சிலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் ஜெபமாலையை என் கையில் வைத்தார். நான் அதுவரை அதைத் தொட்டதில்லை. என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியாது. ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, அவரைத் திருப்பிக் குடும்" என்றேன். அடுத்த மணியைப் பிடித்தேன். அதற்கும் அதே வார்த்தைதான். அதற்கடுத்த மணிக்கும் அதேதான். மனது முழுக்கப் பயமாக இருக்கும்போது சொல்வதற்குப் புதிய வார்த்தை எதுவும் கிடைப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்துப் பதினைந்து மணி தாண்டியதும் என் பழைய பழக்கம் வந்துவிட்டது. குரல் ஏறியது. கண்ணீரோடு உரக்க ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். பிறகு நினைவு வந்து சட்டென்று நிறுத்தினேன்.

பக்கத்தில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீனவப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். "ஏம்மா நிறுத்திட்டே. சத்தமா வேண்டு. என் வாயில வார்த்தை வரல. எங்களுக்கும் சேத்து வேண்டு."

நான் மாமியாரைப் பார்த்தேன். "வேண்டும்மா" என்றார்.

வேண்டினேன். தொண்டை கட்டும்வரை வேண்டினேன். அந்தக் கோயிலில் என் குரல் யாருக்கும் சங்கடமாக இல்லை.

மாலை ஆறு மணிக்கு அவர் வந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பெட்ரோல் தீர்ந்து போயிருந்தது. கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டார். அது சாய்ந்து விழுந்தது.

"எங்க போயிருந்தே?" என்றார்.

"உங்களைத் தேடி வந்தேன். நீங்க எங்க போனீங்க?"

"உன்னைத் தேடி."

இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சுற்றிலும் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது சிரிப்பது தப்பு என்று வாயைப் பொத்திக்கொண்டோம்.

கஞ்சி குடித்துக்கொண்டே அவர் கதையைச் சொன்னார். கடற்கரைச் சாலையில் பல இடங்களில் மறித்துவிட்டார்கள். ஊர் ஊராக உள்ளே புகுந்து, இடையஞ்சாவடி பக்கமாகச் சுற்றி, பன்னிரண்டு மணிக்கு எங்கள் சபை ஹாலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. நான் புறப்பட்டுப் போய்விட்டேன் என்று கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்டரும் சபையாரும் அவரைச் சுற்றி நின்று, தலையில் கை வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்திருக்கிறார்கள்.

"எத்தனை பேருன்னு தெரியல. எல்லாரும் என் பேரைச் சொல்லிச் சொல்லி வேண்டுனாங்க. எனக்காக யாரும் அப்படி வேண்டினதில்ல. நானும் கத்துனேன்."

"நீங்களா?"

"ஆமா. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தக்காளி சோறு குடுத்தாங்க."

அன்று இரவு படுக்கும் முன் இரண்டு பேரும் பாய்மேல் உட்கார்ந்து, நன்றி சொல்லிவிட்டுப் படுப்போம் என்றோம். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே ஜெபம் ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான். ஆனால் நான் "பிதாவே" என்று தொடங்க, அவர் "தந்தையே" என்று தொடங்கினார். நான் "நாமம்" என்றபோது அவர் "பெயர்" என்றார். நான் ஆகாரம் கேட்டேன், அவர் உணவு கேட்டார். இருவரும் மோதி மோதி நின்றோம். கடைசியில் அவர், "நீ உன்னுதைச் சொல்லு, நான் என்னுதைச் சொல்றேன், ஆமென் மட்டும் சேந்து சொல்லுவோம்" என்றார். அப்படியே செய்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சேர்ந்து செய்த முதல் ஜெபம் அது. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்.

அடுத்த சில மாதங்கள் அவருக்கு ஓயாத வேலை. மணல் புகுந்த படகு இன்ஜின்கள் எங்கள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. காலையிலிருந்து இருட்டும்வரை பிரித்துக் கழுவி மாட்டுவார். மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு வந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தால் நான் இரண்டாவது நிமிடத்தைத் தாண்டும்போது அவர் குறட்டை விடுவார். எனக்குக் கோபம் வரும். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"ஆளுக்கு ஒரு வாக்கியம் வேண்டுவோம். சொந்தமா, மனசுல இருக்கறதை. அப்புறம் ரெண்டு நிமிஷம் பேசாம இருப்போம். அவ்ளோதான்."

ஒரு வாக்கியத்தில் ஜெபிப்பது எனக்குப் பழக்கமில்லை. நான் "அன்புள்ள ஆண்டவரே" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகக் கால் மணி நேரம் இழுத்துவிடுவேன். அவருக்கோ சொந்த வார்த்தையில் ஜெபித்தே பழக்கமில்லை. முதல் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஆண்டவரே, இன்னிக்கு நாலு இன்ஜின் ஓடிச்சு, நன்றி" என்றார். அந்த ஒரு வரியில் அவர் முழு நாளும் இருந்தது. நான் சொல்ல வைத்திருந்த பெரிய ஜெபத்தை விழுங்கிக்கொண்டேன்.

பேசாமல் இருக்க வேண்டிய இரண்டு நிமிடம்தான் எனக்குத் தண்டனை. கால் மரத்துப் போகும், மூக்கு அரிக்கும், உளுந்து ஊற வைத்தேனா என்று நினைவு வரும். ஒரு மாதம் போன பிறகுதான் அந்த அமைதி எனக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் இரண்டு நிமிடம் போதாமல் போன நாளும் உண்டு.

நான் ஜெபத்தைக் குறுக்கு வழியாகவும் பயன்படுத்தினேன். "ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில்மேல போடற இவருடைய புத்தியை மாத்தும்" என்று ஒருநாள் வேண்டினேன். அவர் பக்தியோடு "ஆமென்" என்றார். மறுநாளும் துண்டு கட்டில்மேல்தான் கிடந்தது. அவரும் சும்மா இல்லை. சில நாள் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அன்னிக்கு இவளைக் கத்துறவள்னு சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிடும்" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். "அதை என்கிட்ட சொல்லுங்க. அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

அவரும் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. "தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றார். நான் பொம்மை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் கட்டிய வீட்டின் அஸ்திவாரம் எது என்று கேட்டால் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமையையும் பங்கு போட்டோம். ஒரு வாரம் இரண்டு பேரும் கோயிலுக்கு, மறுவாரம் இரண்டு பேரும் சபைக்கு. பங்குச் சாமியார் சிரித்துவிட்டு, "வந்தா சரி" என்றார். எங்கள் சபையில் அவ்வளவு சுலபமாக இல்லை. மூத்த விசுவாசிகள் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார்: "நீ வழி தவறிப் போறியாம்மா?"

"இல்லீங்க ஐயா. முன்னாடி தனியா வேண்டிக்கிட்டு இருந்தேன். இப்ப என் வீட்டுக்காரரோட வேண்டறேன்."

பாஸ்டர், "அவரை நான் அன்னிக்குப் படியில பாத்தேன். நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். பேசாமல் போனவர்களில் இரண்டு பேர் கடைசிவரை பேசவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

2006ஆம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த பிறகு, பங்குக் கோயிலில் தம்பதிகளுக்கு ஒருநாள் தியானம் வைத்தார்கள். கடைசியில் எல்லாரும் கல்யாண வாக்குறுதியைப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஜோடிகளுக்கு மேல் வந்திருந்தோம். உப்பளத் தொழிலாளிகள், மீன்காரர்கள், ஒரு வாத்தியார் வீடு. பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம் உட்கார, சாமியார் எங்களைக் கிளப்பி ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். அதற்கே பாதிப் பேருக்கு வெட்கம் தாங்கவில்லை. அறுபது வயது தாத்தா ஒருவர் தன் மனைவி பக்கத்தில் உட்காரும் முன் துண்டை விரித்து நடுவில் போட்டுக்கொண்டார்.

ஆளுக்கொரு தாள் கொடுத்து, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கம் நிரப்பினேன். அவர் பேனாவைத் திருகித் திருகிப் பார்த்தார், அது பழுதான இன்ஜின் மாதிரி. கடைசியில் என்னிடம் நீட்டிய தாளில் மூன்று வரிதான் இருந்தது. "நீ சத்தமாக வேண்டும்போது இப்போது எனக்குப் பயமாக இல்லை. நீ வேண்டாத நாளில் வீடு என்னமோ போல் இருக்கிறது. துண்டை இனிமேல் கொடியில் போடுகிறேன்." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரி மட்டும் நிறைவேறவில்லை.

வாக்குறுதி நேரம் வந்தது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் என்று சாமியார் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ஜோடியும் கைபிடித்துத் திருப்பிச் சொன்னார்கள். எங்கள் முறையில் மைக்கை என் பக்கம் நீட்டினார்கள். கல்யாணத்தன்று அழுகையில் காதில் விழாத வார்த்தைகளை இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டேன். துன்பம் என்ற இடத்தில் அந்தச் சேறு படிந்த பேன்ட் கண்ணில் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே குரலில், முழுக் குரலில் சொன்னேன். மைக் கீச்சென்று அலறியது. கோயிலே சிரித்தது. என் கணவர் மைக்கை அணைத்துவிட்டு, "இது தேவைப்படாது ஃபாதர்" என்றார்.

அன்று மாலை நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்தபோது மாமியார் அறை வாசலில் வந்து நின்றார். ஜெபமாலை அவர் கையில் சுருட்டியிருந்தது. உள்ளே வரலாமா, வேண்டாமா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லடா. நீங்க ரெண்டு பேரும் தினம் ஏதோ பேசிக்கிட்டு வேண்டுறீங்களே, நானும் ஒரு வாக்கியம் வேண்டிப் பாக்கட்டுமா?"

நான் நகர்ந்து இடம் விட்டேன். மாமியார் உட்கார்ந்து முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஜெபம் செய்த மனுஷி, சொந்த வார்த்தை கிடைக்காமல் தடுமாறினார். உதடு அசைந்தது, நின்றது.

"ஆண்டவரே," என்று தொடங்கினார், "எங்க வீட்டு மனுஷன் ஒருநாளும் என்கூட இந்த மாதிரி உக்காந்து பேசினதில்ல, இருந்தாலும் நல்ல மனுஷன், அங்க பத்திரமா பாத்துக்கங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மாமியாரின் கையைப் பிடித்தேன். உப்பு அரித்துக் காய்த்துப் போன கை. மூவரும் சேர்ந்து ஆமென் சொன்னோம். இரண்டு நிமிட அமைதி பாதியில் இருக்கும்போதே மாமியார் எழுந்துவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க. எனக்கு உலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.